பதின்ம வயதுக் கதைகளில் கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கும் அந்தப் பெரிய மனிதர்

வாவிக்கரை (மட்டக்களப்பு)
சனிக்கிழமை, இரவு 8.40

ஒரு மாதமாக வேறு எதையும் தொடாமல் பதின்ம வயதுக்காரரைப் பற்றிய நாவல்களையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வயது 36. காரணம் அக்காவின் மகள். அவளுக்கு 14. போன மாதம் வந்து என் அலுமாரிக்கு முன்னால் நின்று, "சித்தி, எனக்கு வாசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதை நாலைந்து கிடந்தது. அதற்குப் பிறகு நேரே கலியாணம், சாதி, யுத்தம், புலம்பெயர்வு. நடுவில் ஒன்றும் இல்லை. கடைசியில் அவள் ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் கிடைத்தது பதினொன்று, தமிழில் கிடைத்தது நான்கு. வாசித்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், அடிக்க வருபவர்கள் வரலாம்.

ஆங்கிலத்தில் வருகிறவற்றில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. தீராத நோய் வந்த பிள்ளைகள் காதலிக்கிற கதை ஒன்று ஓடினால், அதே அச்சில் இன்னும் இருபது வருகிறது. அழவைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அதோடு, பதினாறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நாற்பது வயதுக் கவிஞர்போலப் பேசுகிறது. நான் ரியூசன் வகுப்புகளின் வாசலில் நின்று கேட்ட வரையில் எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசுவதில்லை. "ஆ", "தெரியா", "சும்மா", இவ்வளவுதான்.

ஆனால் நல்லவை உண்மையிலேயே நல்லவை. அவற்றில் ஒரு பொதுவான விஷயம் கண்டேன். கதை சொல்கிற பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியாது. வளர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து, "அந்த நாட்களில் நான் எவ்வளவு அறியாமையில் இருந்தேன்" என்று சொல்கிற ஆள் உள்ளே இல்லை. ஒரு சிநேகிதி பேசாமல் விட்டது உலகம் அழிந்த மாதிரித்தான் இருக்கும், கதையும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

தமிழில் நான் வாசித்த நான்கிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் வந்து நிற்கிறார். ஒன்றில் அதிபர், ஒன்றில் தாத்தா, ஒன்றில் ஓய்வுபெற்ற தபாலதிபர், இன்னொன்றில் அசரீரி மாதிரி எழுத்தாளரே. பிள்ளையின் தோளில் கை வைத்து ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கப் போகிறது. நூற்றைம்பது பக்கம் அந்தப் பிள்ளையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த எனக்கு, யாரோ ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தின மாதிரி இருந்தது.

நீங்கள் அந்த வயதில் என்ன வாசித்தீர்கள்? இப்போது பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

பழையசைக்கிள் (களுவாஞ்சிகுடி)
சனிக்கிழமை, இரவு 9.25

எனக்கு 52. பதினாறு வயதில் எனக்கு வாய்த்தது 1990, யுத்த காலம். அந்த ஆண்டு எங்கள் பக்கம் இருந்த எவரும் "பதின்ம வயது" என்று ஒன்று இருந்ததாகவே சொல்லமாட்டார்கள். சின்னப் பொடியனாக இருந்தோம், மறுகா ஒருநாள் காலையில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு புத்தகம் இருந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ', தமிழில். சிங்களத்தில் 1947இல் வந்தது. உபாலி என்று ஒரு குழப்படிக்காரன், சிற்றன்னையோடு ஒத்துவராதவன். வீட்டு வேலைக்கார ஜின்னாவைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய், கொக்கலைப் பக்கம் களப்புக்குள் ஆளில்லாத ஒரு தீவில் குடியேறுகிறான். எனக்குக் கொக்கலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வாசிக்கும்போது எங்கள் வாவிதான் கண்ணில் வந்தது. அதே கண்டல், அதே சேறு, அதே தோணி. அங்கால படுவான்கரைப் பக்கம் தெரிகிற ஒரு திட்டைக் காட்டி, "இதுதான்டா நம்மட தீவு" என்று நானும் ஒரு கூட்டாளியும் முடிவே கட்டிவிட்டோம். சோறு கட்டிக்கொண்டு போகிற அளவுக்குத் திட்டம் இருந்தது. போகவில்லை. அந்தக் காலத்தில் இருட்டில் வாவிக்குள் தோணி விட்டால் என்ன நடந்திருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, உங்கள் நாலு புத்தகங்களில் அந்தப் பெரிய மனிதர் வந்து நிற்பதற்கு ஒரு காரணமும் இருக்கலாம். எழுதினவர்கள் என் வயதுக்காரர்களாக இருப்பார்கள். பிள்ளை எங்கேயும் போய்விடக்கூடாது என்ற பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

ஊறணிச்சந்தி
சனிக்கிழமை, இரவு 9.31

ஓய்வுபெற்ற தபாலதிபர் வருகிற புத்தகம் என்னிடமும் இருக்கு. பேசி முடிந்ததும் பிள்ளைக்கு ஒரு பேனையும் கொடுப்பார். அந்தப் பேனையால் பிள்ளை சோதினை எழுதி டொக்டர் ஆகும்.

கரும்பலகை (திருக்கோவில்)
ஞாயிற்றுக்கிழமை, காலை 6.50

நான் 22 வருடங்களாகத் தமிழ் படிப்பிக்கிறேன். சிரிப்பது சுலபம், தம்பி. நாங்கள் நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள்.

ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் சோதினை. அதுவரை பிள்ளை கதை வாசிக்கும், வாசிக்கவும் விடுவார்கள், கட்டுரைக்கு உதவும் என்று. அதற்குப் பிறகு பதினோராம் தரத்துச் சோதினையான ஓ.எல்.வரை ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் பிள்ளையின் கையில் பாடநூல் அல்லாத ஒன்று இருந்தால், முதலில் வருகிறவர் தாய், அடுத்து வருகிறவர் ரியூசன் சேர். நான் ஒருமுறை பாடசாலை நூலகத்துக்கு ஒரு நாவல் வாங்கிவைத்தேன். ஒன்பதாம் தரப் பிள்ளை, பக்கத்து வகுப்புப் பையனுக்கு எழுதிக் கொடுக்காத ஒரு கடிதத்தைப் பற்றியது. முத்தம்கூட இல்லை. இரண்டு வாரத்தில் ஒரு தகப்பன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அடிக்கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தப் புத்தகம் இப்போது பூட்டின அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்தப் பெரிய மனிதர் கடைசியில் வந்து பேசுவதால்தான் மற்றப் புத்தகங்கள் அலுமாரிக்கு வெளியே நிற்கின்றன. அவர் வாயிற்காவலர் மாதிரி. அவர் இல்லாவிட்டால் புத்தகமே உள்ளே வராது. இதையும் யோசியுங்கள்.

வாவிக்கரை
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.15

சேர், கோபிக்காதீர்கள். நீங்கள் சொன்ன அந்தத் தகப்பனை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜூடி ப்ளூம் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1970இல் மார்கரெட் என்ற சிறுமியைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். சிநேகிதிகள் எல்லாரும் பெரிய பிள்ளை ஆகிவிடுவார்கள், தான் மட்டும் கடைசியில் நிற்கப்போகிறோமோ என்று பயந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் கடவுளோடு பேசிக்கொண்டிருப்பாள். அதை அங்கே எத்தனையோ பாடசாலை நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அதாவது அடிக்கோடு போட்டுக்கொண்டு வருகிற தகப்பன் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

அதை நான் எங்கள் வரவேற்பறையில் இருந்து வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அந்தப் பிள்ளை அதை அறைக்குள் வைத்துப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறது. எங்கள் பிள்ளைக்கு அது நடந்தால் சாமத்தியச் சடங்கு. மண்டபம், வாசலில் ஆளுயரப் படம், வீடியோக்காரன், கனடாவிலிருந்து மாமா. என் சடங்கில் மணவறைக்குப் பின்னால் ஒரு மின்விசிறி வைத்திருந்தார்கள். அது என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நெற்றிச்சுட்டி ஆடிக் கண்ணில் குத்தும். வகுப்புப் பையன்கள் மூன்று பேர் தங்கள் தாய்மாரோடு வந்து ஐந்தாவது வரிசையில் இருந்து கேக் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை அவர்களோடு ஒரே வகுப்பில் கணக்குப் பாடம். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித் தமிழில் யாரும் ஒரு நாவல் எழுதவில்லை. முந்நூறு பேர் பார்த்ததை எழுதினால் மட்டும் ஏன் ஒளிக்கவேண்டியதாகிறது?

மருதமுனைத்தறி
ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.05

எழுதினால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். நான் எழுதினேன். பத்தாம் தரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரே ரியூசன் கொட்டில், மழைக்காலம். 110 பக்கம். இந்தியாவில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம், மற்றபடி மரியாதையான ஆட்கள். திருத்தின பிரதி திரும்பி வந்தது. பிள்ளைகள் பேசுகிற இடமெல்லாம் மாறியிருந்தது. "மறுகா" எல்லாம் "அப்புறம்" ஆகிவிட்டது. "கிறுகி வா" என்று எழுதியிருந்தேன், "திரும்பி வா" ஆகிவிட்டது. ஒரு இடத்தில் மட்டும் "மறுகா"வை விட்டுவைத்து, கீழே "பிறகு எனப் பொருள்படும் வட்டார வழக்கு" என்று குறிப்புப் போட்டிருந்தார்கள். என் பிள்ளைகள் இரண்டும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி ஆகிவிட்டார்கள்.

சரி, இங்கேயே போடுவோம் என்று வந்தால், இங்குள்ள பெரியவர் ஒருவர், "தமிழ் பிழையாக இருக்கே மகள், பிள்ளைகள் வாசிக்கிற புத்தகம் அல்லவா, தூய தமிழில் இருக்கவேண்டாமா?" என்கிறார்.

நம்மட பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழ், வகுப்பில் ஒரு தமிழ், ஃபோனில் ஒரு தமிழ், ரீவி பார்த்துவிட்டுச் சென்னைத் தமிழில் ஒரு பகிடி என்று ஒரே நாளில் நாலு தமிழ் பேசுகிறார்கள். ஒரு தமிழிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது தாவுகிறார்கள் என்று கவனித்தால், யாருக்குப் பயப்படுகிறார்கள், யாருக்கு முன்னால் பெரிய ஆளாகக் காட்டுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதையெல்லாம் "அப்புறம்" ஆக்கிவிட்டால் எனக்குப் பாதிக் கதை போய்விடுகிறது.

சிங்களத்தில் 'நவ யொவுன்' என்று இதற்கு ஒரு வகையே இருக்கிறது. கொழும்பில் புத்தகக் கடைக்குப் போனால் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. தட்டு இருக்கிறது என்கிறேன்.

பழையசைக்கிள்
ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12.10

தங்கச்சி, அந்த 110 பக்கத்தை "மறுகா"வோடு எனக்கு அனுப்புங்கள்.

பனிக்காலம் (டொரொண்டோ, ஊர் அக்கரைப்பற்று)
ஞாயிற்றுக்கிழமை, இரவு 7.30

இங்கே என் மகனுக்குப் பாடசாலையில் படிக்கக் கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967இல் வந்தது. எழுதத் தொடங்கும்போது ஹின்டனுக்கு 15 வயது, புத்தகம் வரும்போது 18. பெண்பிள்ளை எழுதினது என்று தெரிந்தால் விமர்சகர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்று பதிப்பகத்தார் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிப்போட்டார்கள்.

பணக்காரப் பையன்களும் ஏழைப் பையன்களும் அடிபடுகிற கதை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்த மூத்த அண்ணன். தாயும் தகப்பனும் விபத்தில் போய்விட்டார்கள். அவனுக்கு 20 வயது. மேலே படிக்கக்கூடியவன், படிக்காமல் கூரை போடுகிற வேலைக்குப் போய் இரண்டு தம்பிமாரையும் பார்க்கிறான். கதை சொல்கிற கடைசித் தம்பிக்கு 14. அவனுக்கு அண்ணனைக் கண்டாலே எரிச்சல், எந்த நேரமும் சத்தம் போடுகிறான் என்று. அண்ணன் எதை விட்டுக்கொடுத்தான் என்பது அந்தப் பொடியனுக்குப் புரிகிறதுக்கு முதலே எங்களுக்குப் புரிந்துவிடும். யாரும் எங்களுக்கு விளக்குவதில்லை.

வாசிக்கும்போது எனக்கு ஊரில் எத்தனையோ முகம் வந்தது. தங்கச்சிக்குச் சீதன வீடு கட்டவேண்டும் என்று ஓ.எல்.லோடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர்கள்.

பூனைக்குட்டி16 (நிந்தவூர்)
ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.20

அஸ்ஸலாமு அலைக்கும். நான் எல்லாத்தையும் வாசித்தேன். இந்த இழையில் 16 வயதில் இருப்பது நான் மட்டும்தான்போல.

எனக்கு அந்த ஆங்கிலப் புத்தகங்கள் பிடிக்கும். ஃபோனில் வாசிப்பேன். லொக்கர் என்றால் என்ன என்று முதலில் தெரியாது, பூட்டுப்போட்ட அலுமாரி என்று பிறகு தெரிந்தது. ஏன் எல்லாரும் அதற்குப் பக்கத்தில் நின்று அழுகிறார்கள் என்று இப்பவும் தெரியாது.

அந்தக் கதைகளில் உம்மா வாப்பா எப்போதும் இருக்கமாட்டார்கள். வேலை, விவாகரத்து, மௌத்து (சாவு) என்று ஏதாவது காரணம். அவர்கள் இருந்தால் பிள்ளைக்குக் கதை நடக்காது என்பதால் எழுத்தாளர் எங்கேயாவது அனுப்பிவிடுகிறார் என்று நினைக்கிறேன். எங்கட வகுப்பில் அஞ்சு பேரின் உம்மா வெளிநாட்டில். எங்கட உம்மா குவைத். அதற்கு எந்த எழுத்தாளரும் தேவைப்படவில்லை.

கரும்பலகை சேர் சொன்ன அந்தக் கடிதப் புத்தகம் எனக்கு வேணும். திறப்பு யாரிடம் இருக்கு?

பனிக்காலம் காக்கா (நாங்க அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வோம்) சொன்னதை வாசித்த பிறகு ஒன்று எழுதினேன். கொஞ்சம்தான்.

எங்கட வீட்டில் இரண்டு வீடு இருக்கு. ஒன்றில் நாங்க இருக்கோம். மற்றது எனக்கு. அதுக்குக் கூரை இல்ல. நாலு பக்கமும் கல் வைத்து, மேல கம்பி நீட்டிக்கொண்டு நிக்கும். காக்கம் வந்து கம்பியில இருக்கும். கல் எல்லாம் உம்மா அனுப்பினது, சீமெந்து எல்லாம் காக்காட சம்பளம். பின்னேரம் நான் அங்கதான் படிப்பேன். யாரும் வரமாட்டாங்க. சீமெந்துப் பையை மடிச்சுப் போட்டு இருந்தா பாவாடையில வெள்ளையா ஒட்டும், உம்மம்மா கண்டுபிடிச்சிடுவா. நேத்து காக்கா வேலையால வந்து, ஒண்ணும் பேசாம, கையால சுவரைத் தட்டித் தட்டிப் பாத்துக்கொண்டு ஒவ்வொரு அறையா நடந்தான். என்னைக் காணல. குசினி வரப்போற இடத்தில நின்று ஃபோனை எடுத்து அவன்ட பழைய கூட்டாளிகள்ட படத்தைப் பாத்தான். எல்லாரும் கம்பஸ் வாசல்ல நிக்கிற படம். ரெண்டு விரலால பெருசாக்கி ஒவ்வொரு முகமா பாத்தான். எனக்குத் தும்மல் வந்திச்சி. மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தன். இது என்ட வீடு, நான் தும்மக்கூட ஏலாது.

கரும்பலகை
திங்கட்கிழமை, காலை 6.15

பிள்ளைக்கு வாழ்த்துகள். எழுத்தில் திறமை தெரிகிறது. சில திருத்தங்கள். "நிக்கும்" அல்ல, "நிற்கும்". "காக்கம்" அல்ல, "காகம்". "எங்கட வீட்டில் இரண்டு வீடு" என்பது பொருட்குற்றம், "எங்கள் வளவில்" என்று வரவேண்டும். இறுதியில் சகோதரன் தங்கையைக் கண்டு, அவள் நன்றாகப் படித்துத் தன் கனவை நிறைவேற்றவேண்டும் என்று இரண்டு வார்த்தை பேசுவதாக அமைத்தால் கதை முழுமை பெறும். தாயும் திரும்பி வருவதாக முடிக்கலாம்.

ஊறணிச்சந்தி
திங்கட்கிழமை, காலை 6.22

சேர். தபாலதிபர் வந்திட்டார் சேர்.

மருதமுனைத்தறி
திங்கட்கிழமை, காலை 7.00

"எங்கட வீட்டில் இரண்டு வீடு" என்பதை யாரும் தொடக்கூடாது. பிள்ளை, நீ எதையும் மாற்றாதே.

வாவிக்கரை
திங்கட்கிழமை, காலை 7.40

இதை அக்காவின் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பாடசாலைக்கு வெளிக்கிட்டு, ஒரு பக்கம் பின்னல் பின்னி மற்றப் பக்கம் விரித்தபடி நின்று கேட்டாள். "மறுகா என்ன நடந்த?" என்றாள். தெரியாது என்றேன். வேன் வந்து ஹோன் அடித்தது. மற்றப் பின்னலை வேனுக்குள் பின்னிக்கொண்டு போயிருப்பாள்.

கரும்பலகை
திங்கட்கிழமை, பிற்பகல் 2.35

காலையில் எழுதினதை அழிக்கலாம் என்று பார்த்தேன். பிறகு, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 22 வருடப் பழக்கம். சிவப்புப் பேனை கையில் இல்லாமலேயே கை போகிறது.

இடைவேளையில் மறுபடி வாசித்தேன். அந்தப் பையன் சுவரைத் தட்டிப் பார்க்கிறானே, அதை நான் காலையில் கவனிக்கவில்லை. என்னிடம் படித்த பொடியன் ஒருவன் அப்படித்தான் போன வருடம் ஓ.எல்.லோடு நின்றான். நல்ல பெறுபேறு. நான் அவனுடைய வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் பேசினேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சேர், ஒரு தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க" என்றான். அடுத்த நாள் வேலைக்குப் போய்விட்டான்.

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. அம்பாறைக்குள் எங்கே என்றாலும் பஸ்ஸில் ஆள் மூலம் அனுப்பலாம். உன் பாடசாலையில் நூலகப் பொறுப்பான ரீச்சருக்கு அனுப்பட்டுமா? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அடிக்கோடு போட்ட பிரதிதான் இருக்கிறது.

பூனைக்குட்டி16
திங்கட்கிழமை, இரவு 9.50

ஓம் சேர், ரீச்சருக்கு அனுப்புங்க. அடிக்கோடு போட்டதை முதலில் வாசிப்பேன்.

காகத்தை மட்டும் திருத்தினேன். மற்றது அப்படியே இருக்கட்டும்.

உம்மா கதைக்குள்ள வரமாட்டா சேர். அவட அக்ரிமென்ட் ஆகஸ்டில்தான் முடியுது. வந்தா எனக்கு அந்த வீட்டுக்குள்ள போய் இருந்து எழுத ஏலாது, சாமான் எல்லாம் அங்கதான் இறக்குவாங்க. அதுக்கு முதல் முடிக்கணும்.